மாற்று மூட்டு எதனால் ஆனது, எங்கே தேய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவன் இல்லை. ஒன்றோடொன்று உரசும் பொருள்களை இயந்திரத்தில் மாதக்கணக்கில் தேய்த்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எடை போட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. ஆனால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு என் வேலை இன்னதென்று தெரிந்துவிட்டால் போதும், ரசம் வருவதற்குள் பேச்சு முழங்காலுக்கு வந்துவிடும். அப்படி வந்த கேள்விகளையும், ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் கேட்பவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். எந்த மருத்துவமனை நல்லது, எந்த வயதில் அறுவை செய்யலாம் என்பதற்கெல்லாம் இங்கே பதில் கிடையாது. பொருள்களைப் பற்றி மட்டும்.

உராய்வு, தேய்மானம் இரண்டும் ஒன்றுதானே?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. உராய்வு என்பது ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்த எவ்வளவு பலம் வேண்டும் என்ற கணக்கு. தேய்மானம் என்பது நகர்த்தியதில் எவ்வளவு பொருள் போய்விட்டது என்ற கணக்கு. வண்டியின் பிரேக் கட்டையில் உராய்வு நிறைய வேண்டும், தேய்மானம் குறைவாக வேண்டும். டெஃப்லான் நேர்மாறு: வழுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். ஒட்டாத தோசைக்கல் வாங்கி இரண்டு வருஷம் புழங்கிய எந்த வீட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு.

இன்னொரு சாட்சி அம்மி. அம்மி கொத்தின அன்றைக்கு யாரும் நேராகச் சட்னி அரைக்க மாட்டார்கள். முதலில் கொஞ்சம் தவிட்டையோ அரிசியையோ போட்டு அரைத்து, வழித்துக் கொட்டிவிட்டு, கழுவி, அப்புறம்தான் தேங்காய் வைப்பார்கள். இல்லாவிட்டால் சட்னியில் மண் நறநறக்கும். உளி கொத்திய இடங்களில் நிற்கும் கூர்முனைகள் முதல் சில அரைப்பில் உடைந்துவிடுகின்றன. பிறகு தேய்மானம் நிதானத்துக்கு வருகிறது.

மாற்று மூட்டிலும் இதே நடப்புதான். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைக்குப் பதில் ஒரு பந்து, அது சுழலும் குழிக்குப் பதில் ஒரு கிண்ணம். முதல் ஓரிரு ஆண்டுகளில் உலோகப் பந்து பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சற்று வேகமாக இறங்கும் (பிளாஸ்டிக் அமுங்கிக்கொடுப்பதும் அதில் ஒரு பங்கு), பிறகு மெதுவாகும். என்ன, இங்கே வழித்துக் கொட்ட வழியில்லை. தேய்ந்தது அத்தனையும் உடம்புக்குள்ளேயே கிடக்கும். கீழே வரும் பதில்களில் பாதி, இந்த ஒரு சங்கடத்தைச் சுற்றித்தான் வரப்போகின்றன.

பிறவி மூட்டு மட்டும் எப்படி அறுபது எழுபது வருஷம் தாங்குகிறது?

எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பில் முக்கால் பங்கு தண்ணீர். நாம் காலை ஊன்றும்போது சுமையில் பெரும்பகுதியை அந்தத் தண்ணீரின் அழுத்தமே தாங்கிக்கொள்கிறது. திடப்பொருள் திடப்பொருளோடு உரசுவது சொற்பம். அதன் உராய்வுக் குணகம் (நகர்த்தத் தேவைப்படும் பலத்தை அழுத்தும் சுமையால் வகுத்த எண்) 0.01 அளவுக்கும் கீழேகூடப் போகும். பனிக்கட்டி மேல் பனிக்கட்டி சறுக்குவதே அதற்கு ஈடாகாது. குறை என்னவென்றால் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதனால் தேய்ந்தால் சரியாக ஆறாது.

‘கீல்’ என்ற சொல்லைக் கதவுக்கும் சொல்கிறோம், மூட்டுக்கும் சொல்கிறோம். கீல்வாதம் என்று பெயர் வைத்தவருக்கு இயந்திரவியல் தெரிந்திருக்கிறது.

வழுக்கும் பொருள்தான் வேண்டுமென்றால் டெஃப்லானையே வைத்திருக்கலாமே?

வைத்தார்கள். வைத்துப் பட்ட அடியிலிருந்துதான் இன்றைய மூட்டு பிறந்தது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1950-களில் இங்கிலாந்தின் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லியிடம் ஒரு நோயாளி வந்தார். இடுப்பில் அக்ரிலிக் பந்து வைத்திருந்தவர். அவர் அசைந்தாலே இடுப்பு கிறீச்சிடும். மனைவி அவரோடு ஒரே அறையில் இருப்பதையே தவிர்க்கும் அளவுக்குச் சத்தம். அந்தக் கிறீச்சை உராய்வின் குரல் என்று சார்ன்லி சரியாகப் புரிந்துகொண்டார். அப்போது தெரிந்த திடப்பொருள்களில் மிகக் குறைந்த உராய்வு டெஃப்லானுக்கு. எஃகுப் பந்து, டெஃப்லான் கிண்ணம் என்று லங்காஷயரில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். ஆரம்பத்தில் பலன் பிரமாதம். கோல் ஊன்றி வந்தவர்கள் வலியில்லாமல் நடந்து போனார்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் வலி திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் கிண்ணத்தைப் பந்து குடைந்துகொண்டு போயிருந்தது. சுற்றியுள்ள திசுவில் தயிர்போலத் தேய்மானக் கசடு திரண்டிருந்தது. தூள்தான் காரணமா என்று அறிய, சார்ன்லி அந்தப் பொருளைத் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு பார்த்தார். கட்டி கட்டியது. பொருத்திய மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்து மாற்ற வேண்டிய நிலை வந்தது.

இந்த இடத்தில்தான் ஹாரி கிரேவன் வருகிறார். மருத்துவமனைப் பட்டறையின் தொழில்நுட்பாளர். 1962 மே மாதம் ஒரு விற்பனையாளர், லங்காஷயர் நெசவாலைத் தறிகளில் பயன்படும் ஒரு புதுப் பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சார்ன்லி அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார், பள்ளம் விழுந்தது, நேரத்தை வீணடிக்காதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அவர் கோபன்ஹேகன் போயிருந்த சமயம், கிரேவன் அந்தத் துண்டைத் தேய்மான இயந்திரத்தில் ஏற்றி ஓட்டிவிட்டார். மூன்று வாரம் இரவு பகலாக ஓடியும், டெஃப்லான் 24 மணி நேரத்தில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் முதல் நோயாளிக்கு அதை வைத்தார்கள்.

உராய்வில் அது டெஃப்லானைவிட மோசம்தான். தேய்மானத்தில் ஜெயித்தது. பட்டறை ஆள் முதலாளி பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அந்தப் பிளாஸ்டிக் என்ன? நம் வீட்டுக் குடம் பாலித்தீனா?

குடும்பம் ஒன்று, ஆள் வேறு. குடமும் பையும் பாலிஎத்திலீன், இதுவும் பாலிஎத்திலீன். ஆனால் இதன் மூலக்கூறுச் சங்கிலி மிக மிக நீளம், மூலக்கூறு எடை முப்பது லட்சம் முதல் அறுபது லட்சம் வரை. குடம் செய்யும் பாலித்தீனில் அது சில லட்சங்களைத் தாண்டாது. சங்கிலி நீளமாக இருப்பதால் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, பிய்ந்து வராமல் நிற்கிறது. உருக்கினாலும் ஓடாது, அதனால் குடம்போல அச்சில் ஊதி வார்க்க முடியாது. தூளை அழுத்திக் கட்டியாக்கி, பிறகு கடைசல் பிடித்துக் கிண்ணமாக எடுக்கிறார்கள். கையில் எடுத்தால் மெழுகு தடவிய வெள்ளைக் கட்டைபோல இருக்கும். ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகள் முதல் தடவை தொட்டுவிட்டு ‘இதுவா?’ என்று ஏமாந்து பார்ப்பார்கள். நகத்தால் அழுத்தியும் பார்ப்பார்கள், சார்ன்லி மாதிரியே.

தேய்ந்த தூள் உள்ளே என்ன செய்யும்?

இதுதான் முக்கியமான கேள்வி. யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன்.

பழைய வகைப் பாலிஎத்திலீன் கிண்ணம் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்கிறது என்று வையுங்கள். சார்ன்லியின் பந்து 22.225 மில்லிமீட்டர் விட்டம். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு சுமார் 39 கன மில்லிமீட்டர், ஒரு சொட்டுத் தண்ணீர் அளவுகூட வராது. பத்து வருஷத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் குறைந்திருக்கும். கிண்ணத்தின் கனம் அதைவிடப் பல மடங்கு. அப்படியானால் ஏன் கவலை?

அந்தச் சொட்டு ஒரே துண்டாக வருவதில்லை. பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களாக வருகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் அடி என்று வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் லட்சக்கணக்கான துகள்கள். உடம்பின் மேக்ரோஃபேஜ் செல்கள் இவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்கும். பாலிஎத்திலீன் செரிக்காது. செரிக்க முடியாத செல் அபாய மணி அடிக்கும், இன்னும் செல்கள் வந்து சேரும், அந்தக் கூச்சலில் எலும்பைக் கரைக்கும் செல்களும் விழித்துக்கொள்ளும். மூட்டைச் சுற்றியுள்ள சொந்த எலும்பு கரையத் தொடங்கும். எக்ஸ்ரேயில் அது கறுப்பு ஓட்டையாகத் தெரியும். மூட்டு தேய்ந்து தீரும் முன்பே பிடிப்பு விட்டு ஆடிப்போகும்.

இந்த எலும்புக் கரைவுக்கு முதலில் பழி விழுந்தது, மூட்டை எலும்பில் பிடிக்கவைக்கும் எலும்பு சிமெண்டின் மேல். ‘சிமெண்ட் நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். சிமெண்ட் இல்லாத மூட்டுகளிலும் அதே கரைவு வந்த பிறகுதான் உண்மையான ஆள் பிடிபட்டான். (அந்த சிமெண்ட், பல் மருத்துவர்கள் பயன்படுத்திய அக்ரிலிக்கின் உறவு. பசைபோல ஒட்டாது, செங்கல் நடுவில் சாந்துபோல இடைவெளியை நிரப்பிப் பிடிக்கும்.)

சார்ன்லி ஏன் சிறிய பந்தாகத் தேர்ந்தெடுத்தார் என்பதும் இப்போது புரியும். கிண்ணத்துக்குள் ஒரே ஆழம் இறங்கினாலும் பெரிய பந்து அதிகத் தூளை அரைத்துத் தள்ளும். சிறிய பந்தின் குறை, மூட்டு சற்றுச் சுலபமாக நழுவிவிடும்.

இப்போதும் அதே பிளாஸ்டிக்தானா?

பெயர் அதுவே, பக்குவம் வேறு. வாழை மட்டையில் நார் உரித்தவர்களுக்குச் சொன்னால் சட்டென்று விளங்கும். நீளவாக்கில் இழுத்தால் நார் அறாது. குறுக்கே பிரித்தால் கிழிந்துகொண்டே வரும். மூட்டில் உரசும்போது பாலிஎத்திலீனின் மேற்பரப்புச் சங்கிலிகளும் நார்போல ஒரு திசையில் படிந்துவிடும். நடையில் இடுப்பு முன்பின் மட்டும் போவதில்லை, குறுக்கிலும் திரும்பும். அந்தக் குறுக்கசைவில்தான் நார் பிரிந்து துகளாகிறது.

ஆகவே சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிட்டால்? காமா கதிரோ எலக்ட்ரான் கற்றையோ 50 முதல் 100 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) வரை பாய்ச்சிப் பிணைக்கிறார்கள். 1990-களின் கடைசியிலிருந்து இவ்வகைக் கிண்ணங்கள் புழக்கத்துக்கு வந்தன. இடுப்பில் தேய்மானம் பல மடங்கு குறைந்தது, எலும்புக் கரைவும் அரிதானது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியம் இது என்பேன். விளம்பரத்தில் அதிகம் வராது, பளபளக்காது அல்லவா!

கதிருக்கு இன்னொரு முகமும் உண்டு. முன்பு கிருமி நீக்கவே காமா கதிரைப் பாய்ச்சி, காற்றுள்ள உறைக்குள் வைத்து அலமாரியில் அடுக்கினார்கள். கதிர் அறுத்த சங்கிலி முனைகள் ஆக்சிஜனோடு சேர்ந்து பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கியது. முழங்கால் மூட்டில் உலோகத்துக்கு அடியில் வைத்த பிளாஸ்டிக் தட்டுகள் சில அப்பளம்போல ஏடு ஏடாகப் பெயர்ந்தன. அதனால் இப்போது காற்றில்லா உறை, கதிருக்குப் பின் சூடேற்றுதல், சிலவற்றில் வைட்டமின் ஈ கலத்தல்.

இரண்டு பக்கமும் உலோகமாக வைத்தால் தூளே வராதே?

காகிதத்தில் அழகான யோசனை. 1953-இல் ஆர்ச்சர்டு என்ற தேய்மான ஆய்வாளர் சொன்ன விதிப்படி பொருள் கடினமாக இருந்தால் தேய்மானம் குறையும். கோபால்ட் குரோமியத்தை அதே உலோகத்தோடு உரசவிட்டால், கன அளவில் உண்மையிலேயே பாலிஎத்திலீனைவிடக் குறைவாகத்தான் தேயும். ஆனால் துகள்கள் நானோமீட்டர் அளவில் வருகின்றன. கரைந்து கோபால்ட், குரோமியம் அயனிகளாக ரத்தத்தில் சேர்கின்றன. சிலருக்கு மூட்டைச் சுற்றித் திசுவே அழுகிப்போனது.

டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு இந்தக் கதையின் உச்சம். கிண்ணம் ஆழம் குறைவு. சற்றுச் சாய்வாகப் பொருந்தினாலும் பந்து விளிம்பில் ஏறி உரசும், மசகுப் படலம் அறுந்துவிடும். 2010 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். உலகம் முழுக்கச் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது, இந்தியாவில் 4,000-க்கும் மேல். நம் நாட்டில் இழப்பீட்டுக்கு மத்திய அரசு கணக்கு வகுக்க 2018 ஆகிவிட்டது. 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை. அந்த எட்டு வருஷத் தாமதத்தை நியாயப்படுத்த எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தக் காலத்தில் உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு வைத்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் தாண்டினால் விடாமல் கவனிக்க வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவக் கருவி ஒழுங்கு அமைப்பு 2010-இல் வைத்த அளவுகோல்.

செராமிக் என்றால் பீங்கான்தானே, உடையாதா?

பிரான்சில் பியேர் பூத்தான் 1970-லேயே அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பந்தை அலுமினாக் கிண்ணத்தில் வைத்தார். கீறல் விழாது, தண்ணீரோடு நன்றாக ஒட்டும், தேய்மானம் மிகக் குறைவு. உடையுமா என்றால், அந்தக் காலத்து அலுமினா சில சமயம் உடைந்தது. அடுத்து வந்த ஜிர்கோனியா (ஜிர்கோனியம் ஆக்சைடு) உறுதியானது என்று நம்பினார்கள். ஒரு தயாரிப்பாளர் சுடும் உலையின் முறையை மாற்றியதில் சில தொகுதிகள் வரிசையாக உடைந்து, 2001-இல் திரும்பப் பெற நேர்ந்தது. பொருள் அதே, சூளைதான் மாறியது. நம் ஊர்க் குயவரிடம் கேட்டிருந்தால் முதலிலேயே எச்சரித்திருப்பார்.

இன்று பெரும்பாலும் அலுமினாவில் ஜிர்கோனியா கலந்த வகை. குரோமியம் ஆக்சைடால் இளஞ்சிவப்பாக இருக்கும். உடைவது மிக அரிது. இரண்டு பக்கமும் செராமிக் என்றால் சிலருக்குக் கிறீச் சத்தம் வருவதுண்டு. செராமிக் பந்தும் பிணைத்த பாலிஎத்திலீன் கிண்ணமும் சேர்ந்த ஜோடிதான் இப்போது பலரின் தேர்வு. என் ஓட்டும் அதற்கே.

டைட்டானியம்தானே எல்லாவற்றிலும் உசத்தி?

எலும்போடு ஒட்டி வளர்வதில் உசத்தி. உரசுவதில் மட்டம். உரசினால் மேலுள்ள ஆக்சைடு பிய்ந்து, உலோகம் உலோகத்தைக் கவ்வி இழுத்து, சுற்றியுள்ள திசு கறுத்துப்போகும்.

டைட்டானியத்தின் மீள்தன்மைக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 110 கிகாபாஸ்கல், கோபால்ட் குரோமியத்துக்கு 210-க்கு மேல், எலும்புக்கு 20-க்குள். பந்தைத் தாங்கி எலும்புக்குள் இறங்கும் தண்டு மிக விறைப்பாக இருந்தால் சுமையெல்லாம் அதன் வழியே போய்விடும். வேலையில்லாத எலும்பு மெலியும். ஆகவே தண்டுக்கு டைட்டானியம், உரசும் பந்துக்கு வேறொன்று. ஒரே மூட்டில் மூன்று நான்கு பொருள் இருப்பது இதனால்தான்.

‘தங்க முழங்கால்’ என்கிறார்களே, தங்கமா?

துளித் தங்கம் கிடையாது. டைட்டானியம் நைட்ரைடு அல்லது அதோடு நியோபியம் சேர்ந்த பூச்சு, சில மைக்ரான் கனம். நிறம் மட்டும் பொன். துளையிடும் பிட்டுகளில் பொன்னிறமாகப் பார்த்திருப்பீர்கள், அதே வகை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அயனி கசிவதைக் குறைக்கும் என்பது அதன் நியாயமான பயன். மற்றபடி சாதாரண மூட்டைவிடக் கூடுதல் ஆண்டு உழைக்கும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறீர்கள்?

இடுப்பின் சுமையையும் திருப்பங்களையும் நடிக்கும் இயந்திரம் உண்டு. நொடிக்கு ஒரு அடி, 37 டிகிரி, மொத்தம் 50 லட்சம் அடி. நிறுத்தாமல் ஓட்டினாலே 58 நாள். நடுவில் ஐந்து லட்சத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி எடை பார்ப்பதால் மூன்று மாதம் ஓடிவிடும். மசகுக்குக் கன்றின் சீரம். தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு பொய்யான விடை தரும். சீரம் கெட்டால் வரும் நாற்றத்தை இங்கே எழுத முடியாது.

எடையிலும் ஒரு சூது. பாலிஎத்திலீன் கொஞ்சம் திரவத்தைக் குடிக்கும். நல்ல கிண்ணம் என்றால் தேய்மானத்தைவிடக் குடித்தது அதிகமாகி, எடை கூடிவிட்டதாகத் தராசு சொல்லும். அதற்காகவே ஓடாத கிண்ணம் ஒன்றை அதே சீரத்தில் ஊறவைத்து, அது குடித்ததைக் கழிக்கிறோம்.

எத்தனை வருஷம் உழைக்கும்?

ஆஸ்திரேலியா, பின்லாந்து போன்ற நாடுகளின் பதிவேடுகளை வைத்து 2019-இல் வெளியான கணக்குப்படி, முழு முழங்கால் மாற்றில் 100-க்கு 82, இடுப்பில் 58, 25 ஆண்டுகள் தாண்டி நிற்கின்றன. அவை 25 ஆண்டுக்கு முந்தைய பொருள்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சம்மணம் போட்டு உட்காரலாமா?

உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. பொருளின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம்: முழங்காலை முழுக்க மடக்கும்போது உலோகம் பிளாஸ்டிக்கைத் தொடும் பரப்பு சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, அதுவும் ஓரத்தில். சாப்பிட நாற்காலி, பூஜைக்கு முக்காலி என்று மாறிக்கொள்வது பிளாஸ்டிக்குக்கு நல்லது.

விலை?

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தது. கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோக வகைக்கு 76,600, வரி தனி. முன்பு முதல் வகையின் சராசரியே ஒன்றரை லட்சத்துக்கு மேல். வரம்பு அவ்வப்போது திருத்தப்படும். பில்லில் மூட்டின் விலை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

விமான நிலையத்தில் மணி அடிக்குமா? எம்ஆர்ஐ எடுக்கலாமா?

அடிக்கும், சொல்லிவிடுங்கள். இந்த உலோகங்களைக் காந்தம் இழுக்காது என்பதால் எம்ஆர்ஐ பொதுவாக எடுக்கலாம். முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூட்டுக்குப் பக்கத்தில் படம் கலங்கலாக வரும்.

இந்தப் பிளாஸ்டிக் வேறு எங்காவது உடம்பில் பயன்படுகிறதா?

இதயத்தில். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செய்த சித்ரா வால்வில், சாய்ந்து திறந்து மூடும் தட்டு இதே பாலிஎத்திலீன்தான். நேராக அங்கே வந்து சேரவில்லை. வைரத்துக்கு அடுத்த கடினம் என்று நீலக்கல் படிகத் தட்டை வைத்துப் பார்த்தார்கள். அது டைட்டானியச் சட்டத்தை அரித்தது. சட்டத்தை வலிய கோபால்ட் உலோகக் கலவைக்கு மாற்றினால் தட்டு உடைந்தது. கடைசியில் நகம் பதியும் மெத்தென்ற பிளாஸ்டிக் வென்றது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல் திறந்து மூட வேண்டும். 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் தயாரிப்புக்கு எடுத்துக்கொண்டது. இதுவரை ஒரு லட்சம் இதயங்களுக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கிறது. தட்டு பிளாஸ்டிக் என்பதால், மூடும்போது சத்தமும் அதிகம் கேட்காது.